ஷாட்ஸா, கெர்னிகனும் பைக்குமா?

ஆரியங்காவில் படிக்கும் அக்கா மகனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்) பழக்கம், கேரளத்தில் அது சாதாரணம், ஆனால் கட்டளைகளைத் தட்டி வேலைவாங்கும் டெர்மினலைத் திறந்தால் முழிக்கிறான். "மாமா, எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" என்று செங்கோட்டைக்கு வந்தபோது கேட்டான். என்னிடம் இருப்பவை இரண்டு.

வில்லியம் ஷாட்ஸின் 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' எல்எஸ், சிடி என்று கட்டளைகளின் அரிச்சுவடியில் தொடங்கி, கோப்பு அனுமதி, ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் எல்லாம் தாண்டி, கட்டளைகளைக் கோப்பில் எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். தடிமனைப் பார்த்து மிரள வேண்டாம், முதல் பாதியே ரொம்ப நாளைக்குக் காணும், அப்புறம் பிடிஎஃப்பை ஆசிரியரே இலவசமாகத் தருகிறார், தென்காசிக்குப் பஸ் ஏறும் வேலையும் மிச்சம்.

பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் 1984இல் எழுதிய 'தி யூனிக்ஸ் புரோகிராமிங் என்விரான்மென்ட்' லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸைப் பற்றியது, வேறு ரகம். சின்னச் சின்ன நிரல்களைக் கோத்துப் பெரிய வேலையை முடிக்கும் யூனிக்ஸின் புத்தி அதில்தான் விளங்கும். அதில் வரும், சொல் தேடும் கிரெப்பும் வரிசைப்படுத்தும் சார்ட்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. எனக்கு அதுதான் உயிர். ஆனால் ஈடி என்ற பழைய எடிட்டர், அச்சுக்கு ஆவணம் அமைக்கும் டிராஃப் எல்லாம் இப்போது யார் தொடுகிறார்கள்? பின்பாதி சி நிரல்மொழி தெரியாமல் நகராது.

சரி, அவனுக்கு ஷாட்ஸ்தான். சி படித்தபின் மற்றதை என் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், திருப்பித் தந்தால் போதும்.