பச்சை விளக்கை நம்பாதீர்கள்: சர்க்கரைவள்ளி வாஃபிளும் என் வாஃபிள் மேக்கரும்

தோழி ஒருத்தி கேட்டாள், "நீ வெச்சிருக்கிற அதே வாஃபிள் மேக்கர் விலை குறைஞ்சிருக்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்குல செய்றதுக்குத்தான் வேணும், வாங்கலாமாடி?" ஒரே சொல்லில் பதில் அனுப்ப மனம் வரவில்லை. குழிகுழியான இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றி மூடிச் சுடுகிற மெஷின் இது. சில வருடங்களாக இதில் வேறு எதையும்விட சர்க்கரைவள்ளி வாஃபிள்தான் அதிகம் செய்திருக்கிறேன். அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷமும் எரிச்சலும் இந்தக் கிழங்கால் வந்தவை, வெறும் மைதா வாஃபிள் செய்கிறவர்களுக்கு இதில் பாதி தெரியவே தெரியாது. எத்தனை வாட், ஒரு தடவைக்கு எத்தனை துண்டு என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

எரிச்சல் என்றால் அந்தப் பச்சை விளக்குதான். மூடியின் மேல் இரண்டு விளக்கு. சிவப்பு எரிந்தால் மின்சாரம் வருகிறது, பச்சை எரிந்தால் தயார். "பச்சை விளக்கு எரிந்ததும் வாஃபிளை எடுக்கவும்" என்று கையேட்டில் ஒரு வரி. சர்க்கரைவள்ளி மாவை ஊற்றிவிட்டு இந்த வரியைக் கேட்டு நடந்தால், மூடியைத் தூக்கும்போது வாஃபிள் குறுக்கே பிளந்து பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொண்டு, நடுவே வேகாத ஆரஞ்சு மசியல் தெரியும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். நல்ல கிழங்கு, முட்டை, வெண்ணெய் எல்லாம் போட்டுக் கலக்கிய மாவு அது.

காரணம் புரிந்தால் கோபம் இன்னும் கூடுகிறது. அந்த விளக்குக்கு வாஃபிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது தெர்மோஸ்டாட்டின் விளக்கு, தட்டின் சூட்டை மட்டும் பார்க்கிறது. குளிர்ந்த மாவை ஊற்றியதும் தட்டின் சூடு இறங்கும், விளக்கு அணையும், உள்ளே ஹீட்டர் மறுபடி ஓடும், தட்டு பழைய சூட்டுக்கு வந்ததும் பச்சை எரியும். மைதா மாவில் தட்டு சூடேறும் நேரமும் வாஃபிள் வேகும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிடுவதால் விளக்கு சரியாகச் சொல்வதுபோலத் தோன்றுகிறது. சர்க்கரைவள்ளியில் அந்தப் பொருத்தம் இல்லை. பச்சைக் கிழங்கின் எடையில் 77 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மசித்தாலும் அது எங்கும் போவதில்லை. தட்டு சூடேறி முடித்துவிடும், நடுவில் இருக்கிற ஈரம் இன்னும் ஆவியாக ஆரம்பித்தே இருக்காது.

சரி, நிறத்தைப் பார்த்து எடுக்கலாம் என்றால் அதுவும் கை கொடுக்காது. கிழங்கிலேயே சர்க்கரை இருப்பதால் மேல்பகுதி சீக்கிரம் சிவந்துவிடும். ஓரத்தில் எட்டிப்பார்த்தால் அருமையான பழுப்பு நிறம், உள்ளே கூழ்.

நம்ப வேண்டியது ஆவியை. மாவை ஊற்றி மூடியதும் ஓரங்களில் ஆவி பீறிட்டு வரும், மெல்லக் குறையும், கடைசியில் நூல்போல வந்து நிற்கப்போகும். அப்போதுதான் மூடியில் கை வைக்க வேண்டும். லேசாகத் தூக்கும்போது பிடித்து இழுத்தால் விட்டுவிட்டு இன்னும் அரை நிமிடம் பொறுக்க வேண்டும். வெந்த வாஃபிள் தானாகத் தட்டை விட்டுவிடும், இழுக்கவே வேண்டாம். என் மெஷினில் இதற்கு ஐந்தாறு நிமிடம் ஆகிறது, பச்சை விளக்கு அதற்கு ரொம்ப முன்னாலேயே எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்து, தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். அமெரிக்காவில் டிராய் நகரத்து கார்னீலியஸ் ஸ்வார்ட்வௌட் 1869-இல் காப்புரிமை வாங்கியது அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிப் போடும் வாஃபிள் இரும்பு அச்சு, அதில் விளக்கு ஏது? ஆவியும் வாசனையும் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். விளக்கு வைத்தது நல்லதுக்குத்தான், ஆனால் கையேட்டில் "ஈரம் அதிகமுள்ள மாவுக்கு இது பொருந்தாது" என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை பேர் வீட்டில் எத்தனை கிண்ணம் மாவு தப்பித்திருக்கும்! இதைச் சொல்லாமல் விட்டதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு என் மெஷினில் இருக்கிறது, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். முழுச் சூட்டில் காயவிட்டு மாவை ஊற்றி, உடனே ஒரு படி குறைத்துவிட்டால் மேலே கருகாமல் உள்ளே வேக நேரம் கிடைக்கும். திருகு இல்லாத மாடலாக இருந்தால் இந்தக் கிழங்கோடு நான் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

கிழங்கைத் தயார் செய்யும் விதத்திலும் பாதி வெற்றி இருக்கிறது. தண்ணீரில் போட்டு வேகவைத்தால் இருக்கிற ஈரத்தோடு இன்னும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். தோலோடு ஓவனில் மெதுவாகச் சுடுவதுதான் எனக்குப் பிடித்தது, ஈரமும் குறையும், இனிப்பும் ஏறும். கிழங்குக்குள்ளேயே பீட்டா அமைலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, கிழங்கு சூடேறிக்கொண்டே போகும்போது, முக்கியமாக 60 முதல் 75 டிகிரி வரைக்கும், அது மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. மெதுவாகச் சூடேறினால் அதற்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். மைக்ரோவேவில் சட்டென்று வேகவைத்தால் அந்த நேரமே கிடைக்காது, அதனால்தான் ஒரே கூடையில் இருந்து எடுத்த கிழங்கு ஒரு நாள் தேன்போலவும் இன்னொரு நாள் சப்பென்றும் இருக்கிறது. சுட்ட கிழங்காக இருந்தால் மாவில் நான் சர்க்கரையே சேர்ப்பதில்லை. சேர்த்தால் தட்டில் ஒட்டுவதுதான் மிச்சம்.

அளவு கேட்பார்கள் என்று எழுதுகிறேன். மசித்த கிழங்கு ஒரு கப், மைதா ஒன்றரை கப், சோள மாவு (கார்ன் ஃப்ளார்) இரண்டு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் மூன்று தேக்கரண்டி, கொஞ்சம் உப்பு, பட்டைத்தூள், முட்டை இரண்டு, உருக்கிய வெண்ணெய் கால் கப், பால் முக்கால் கப்பில் ஆரம்பித்து மாவு கரண்டியிலிருந்து கனமாக விழுகிற பதம் வரும்வரை. வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்த்தால் இன்னும் லேசாக வரும், அவசர நாளில் தேவையில்லை. சோள மாவை மட்டும் விடாதீர்கள், மொறுமொறுப்பு அதில்தான். ஊதா நிறக் கிழங்கு கிடைத்தால் சமையல் சோடா பக்கம் போகவே வேண்டாம், சோடாவின் காரத்தன்மை பட்டால் அந்த ஊதா நிறமி நீலப்பச்சையாக மாறிவிடும். மாவு இல்லாமல் கிழங்கைத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்து, முட்டை கலந்து அழுத்துகிற காரமான வகையும் உண்டு. நன்றாகவே வரும், ஆனால் என் ஆசை மசியல் வாஃபிள் மேல்தான்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஃப்ரீசரில் கிடைத்தது. சுடச்சுட எடுத்த சர்க்கரைவள்ளி வாஃபிள் தட்டில் வைத்த சில நிமிடத்தில் தளர்ந்துவிடும், உள் ஈரம் வெளியே வந்து மொறுமொறுப்பான மேல்பகுதியை நனைத்துவிடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கேட்கவே வேண்டாம், கம்பி ரேக்கில் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். அப்படி ஆறியதை ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டு வைத்துவிட்டால், வேண்டும்போது உறைந்த நிலையிலேயே டோஸ்டரில் போடலாம். வருவது புதிதாகச் சுட்டதைவிட நன்றாக இருக்கிறது! மேல்பகுதி இரண்டாவது முறை காய்வதால் குழிகளின் விளிம்பெல்லாம் உடைகிற மாதிரி மொறுமொறுக்கும், உள்ளே கிழங்கு மெத்தென்று அப்படியே இருக்கும். மைதா வாஃபிளை இப்படிச் செய்தால் உள்ளே வறண்டுவிடுகிறது, கிழங்கு போட்டது வறளுவதில்லை. உள்ளே வேகவிடாமல் என்னைப் படுத்துகிற அதே ஈரம்தான் இங்கே காப்பாற்றுகிறது. வாரக் கடைசியில் ஒரு பெரிய கிண்ணம் மாவைச் சுட்டு வைத்துவிட்டால், காலையில் பசிக்கிற யாரும் தானே எடுத்து டோஸ்டரில் போட்டுக்கொள்கிறார்கள். இதற்காகவே இந்த மெஷின் மேல் எனக்குப் பாசம்.

ஆனால் தட்டைக் கழற்ற முடியாது. மைதா மாவில் துணியால் துடைத்தால் போதும். சர்க்கரைவள்ளியின் சர்க்கரை குழிகளின் மூலையில் இறுகிக் கருப்பாகிவிடுகிறது, மெஷினைத் தண்ணீரில் முக்கவும் கூடாது, இரும்புக் கரண்டியால் சுரண்டினால் நான்ஸ்டிக் பூச்சு போய்விடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத்துணியை மடித்து உள்ளே வைத்து மூடி ஊறவிட்டு, பிறகு மரக்குச்சியால் ஒவ்வொரு குழியாக எடுக்க வேண்டும். டப்பாவில் வரும் எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம், அதில் சேர்த்திருக்கிற லெசித்தின் என்ற பொருள் சூட்டில் பிசின்போலப் படிந்து அடுத்த வாஃபிளையும் ஒட்டவைக்கும். பிரஷ்ஷால் தொட்டு எண்ணெய் தடவுவதே போதும். இவ்வளவு பார்த்தும் என் மெஷினில் நடுக்குழிகளின் முனையில் பூச்சு தேய்ந்துவிட்டது, இப்போது அங்கேதான் முதலில் ஒட்டுகிறது. இந்த விலைக்குத் தட்டைக் கழற்றுகிற மாதிரி ஒரு கொக்கி வைத்திருக்கக் கூடாதா?

ருசிக்கு என்னிடம் குறை இல்லை, உழைப்புக்கும் இல்லை, இத்தனை நாளில் சூடு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இருந்தாலும் தோழிக்கு நான் எழுதிய பதில் "வேண்டாம்" என்பதுதான். குழிகளைச் சுரண்டி முடித்த கையோடு எழுதியதால் அப்படி வந்திருக்கலாம், அடுத்த வாரம் டோஸ்டரில் இருந்து ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டிருந்தால் வாங்கு என்றிருப்பேன். என்றாலும் பதிலை மாற்றவில்லை. தட்டு கழற்றக்கூடியதாக, திருகு உள்ளதாக, குழி ரொம்ப ஆழமில்லாததாக ஒன்று பாரு, ஆழம் கூடினால் நடுவில் வேகாது, விலை குறைகிறவரை காத்திருந்தாலும் பரவாயில்லை என்று எழுதினேன். அப்புறம், எதை வாங்கினாலும் கிழங்கை முந்தின நாளே சுட்டு மசித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடு, காலையில் மாவு கலக்கப் பத்து நிமிடம் போதும்.