பழைய குடும்ப டிவிடிகளின் ஒலிக்குறைவைச் சரிசெய்யும் வேலூர் ஸ்டுடியோ

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஒரு சிறிய வீடியோ ஸ்டுடியோவில் எங்கள் குடும்பத்தின் பழைய டிவிடிகளை ஒலித் திருத்தத்துக்குக் கொடுத்து வாங்கினேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என அனைத்தும் முதலில் வி.எச்.எஸ். கேசட்டில் பதிவாகி, பின்னாளில் டிவிடிக்கு மாற்றப்பட்டவை. தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் கூட்டிவைத்தாலும் அவற்றில் பேச்சு காதில் விழாது. வட ஆற்காட்டுப் பகுதியில் பல வீடுகளின் பீரோக்களிலும் இத்தகைய டிவிடிகள் கிடக்கின்றன என்பதால், அங்கே செய்யப்பட்ட வேலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஸ்டுடியோவில் எனக்கு மிகவும் பிடித்தது, எடுத்த எடுப்பில் ஒலியைக் கூட்டாமல், அது எங்கே குறைந்தது என்று முதலில் பார்த்ததுதான். டிவிடியில் உள்ளவற்றைக் கணினியில் நகலெடுத்து, ஒலியின் அலைவடிவத்தைத் திரையில் விரித்துக் காட்டினார்கள். காதுகுத்து டிவிடியில் இடப்பக்கத்தில் மட்டுமே ஒலி இருந்தது. கேசட்டிலிருந்து மாற்றியபோது ஒரே ஒரு வயரைச் செருகியிருக்கிறார்கள். அந்த ஒலியையே இரு பக்கமும் வைத்ததில் குறையில் பெரும்பகுதி தீர்ந்தது. இன்னொன்றில் கோளாறு வேறு வகை. டிவிடிகளில் பரவலாகப் பயன்படும் டால்பி டிஜிட்டல் என்ற ஒலி வடிவத்தில், ஒலியுடன் பேச்சின் சராசரி அளவைக் குறிக்கும் ஓர் எண்ணும் பதிவாகிறது. அது -31 என்றிருந்தால் பிளேயர் ஒலியைக் குறைக்காது. -27 என்றிருந்தால் 4 டெசிபெல் குறைத்தே ஒலிக்கும். ஏற்கெனவே தணிந்திருக்கும் பேச்சுக்கு அந்த 4 டெசிபெல்லும் இழப்புதான்.

கல்யாண டிவிடிதான் கடினமாக இருந்தது. டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபெல் என்றோர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அலையின் நுனி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். முகூர்த்த நேரத்துக் கெட்டிமேளமும், எடிட்டிங்கில் சேர்த்த சினிமாப் பாட்டுகளும் ஏற்கெனவே அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்க, மணமேடையருகே பெரியவர்கள் பேசியதெல்லாம் மிகக் கீழே கிடந்தது. ஒலி முழுவதையும் ஒரே அளவில் உயர்த்தும் ‘நார்மலைஸ்’ என்ற வசதி உச்ச ஒலியை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதால், தவிலின் ஓர் அடியே முழு டிவிடிக்கும் எல்லை வகுத்துவிடும். பேச்சு துளியும் உயராது. முன்பு வேறொரு கடையில் இதையே செய்து கொடுத்துவிட்டு, இதற்கு மேல் கூட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். இந்த ஸ்டுடியோவிலோ மேளமும் பாட்டும் வரும் பகுதிகளைத் தனியே பிரித்து ஒலியை இறக்கி, எஞ்சிய பேச்சை, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் ‘கம்ப்ரஸர்’ கொண்டு படிப்படியாக உயர்த்தி, உச்சத்தில் ஒலி வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் ‘லிமிட்டர்’ ஒன்றையும் வைத்தார்கள். இது பொத்தானை அழுத்தி முடிக்கும் வேலையன்று. காட்சிக்குக் காட்சி கேட்டுத்தான் செய்யவேண்டும். பாட்டி என் அம்மாவிடம் தாலிச்சரடைப் பற்றிச் சொல்லும் இரண்டு வரிகள் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. அதற்காகவே கொடுத்த பணம் தகும் என்பேன்.

படத்தை அவர்கள் தொடவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். ஒலியை மட்டும் மறுபடி குறியாக்கம் செய்து, பழைய படத்தோடு அப்படியே இணைத்தார்கள். வி.எச்.எஸ். படம் ஏற்கெனவே மங்கல். அதை இன்னொரு முறை சுருக்கினால் முகங்கள் மேலும் கலங்கியிருக்கும்.

குறைகளும் உண்டு. பேச்சை உயர்த்தும்போது கேசட்டின் இரைச்சலும் மண்டபத்து ஜெனரேட்டர் ஓசையும் கூடவே உயர்வதைத் தவிர்க்க முடியாது. இரைச்சலை நீக்கிக் கொடுத்த முதல் மாதிரியில் குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தன. அதைப் பாதியாகக் குறைக்கும்படி கேட்ட பிறகே இயல்பாயின. ஆகவே மாதிரியைக் கேட்காமல் முழு வேலைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தை, வைகாசி முகூர்த்த நாள்களில் அவர்கள் படப்பிடிப்புக்குப் போய்விடுவதால், சொன்ன தேதியில் வேலை முடிவதில்லை. கட்டணத்தை எழுதித் தருவதும் இல்லை.

கணினியில் மட்டுமே பார்ப்பவர்கள் முதலில் வி.எல்.சி. பிளேயரில் ஒலியை 100 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்திப் பாருங்கள். பேச்சு தெளிவாகக் கேட்டால் செலவே வேண்டாம். கேசட் இன்னும் கையில் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மாற்றும்போதே ஒலி குறைந்திருந்தால், டிவிடியைத் திருத்துவதைவிடக் கேசட்டிலிருந்து சரியான அளவில் புதிதாக மாற்றுவதே நல்லது, அதற்கான வி.சி.ஆர். இங்கே பழுதில்லாமல் இருக்கிறது. திருத்திய கோப்பைப் பென் டிரைவிலும் கேட்டு வாங்கி, மூல டிவிடியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.