பாம்பன் பாலத்தில் ஒரு நடனத்தளம்: ஷேடோரன் ஐந்தாம் பதிப்பைக் கொண்டு கேளிக்கை விடுதி படைத்தல்

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் மேசை விளையாட்டான ஷேடோரனின் ஐந்தாம் பதிப்பு விதிநூலை மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் அதன் சண்டை விதிகளையும் மந்திர விதிகளையும்தான் எடைபோடுகிறார்கள். நான் இங்கே ஒரே ஒரு பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர், தமக்குத் தெரிந்த ஊரில் தனித்தன்மையுள்ள நைட் கிளப்புகளைக் கற்பனை செய்து நிறுத்த இந்த நூல் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதே என் கேள்வி. இந்த விளையாட்டில் கிளப் வெறும் பின்னணி அன்று. கூலிக்கு இரகசிய வேலை செய்யும் குழுவினர், உண்மைப் பெயரைச் சொல்லாமல் 'மிஸ்டர் ஜான்சன்' என்ற பொதுப்பெயரில் வந்து வேலை கொடுக்கும் இடையாளைப் பெரும்பாலும் அங்கேதான் சந்திக்கிறார்கள். அந்த இடம் உயிரற்று இருந்தால் அன்றைய ஆட்டமும் உயிரில்லாமலேதான் தொடங்கும்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சிறு அறிமுகம். 1989இல் முதலில் வெளிவந்த ஷேடோரன், மந்திரம் உலகுக்குத் திரும்பிவிட்ட எதிர்காலத்தைக் காட்டுகிறது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கதைக்காலம் 2075. பெருநிறுவனங்கள் ஆட்சி செலுத்தும் நகரங்களில் மனிதர்களோடு எல்ஃப், டுவார்ஃப், ஓர்க், ட்ரோல் என்ற கற்பனை இனத்தவரும் வாழ்கிறார்கள். மூலநூலின் கவனம் பெரும்பாலும் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தின் மேல்தான் இருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரையில் ஆட்டம் நடத்தும் என் போன்றோர் ஊரையும் மனிதர்களையும் விடுதிகளையும் தாமே படைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் படைப்புக்கு இந்த நூல் தரும் பெரிய கொடை, ஓர் இடத்தை மூன்று தளங்களில் பார்க்கக் கற்றுத்தருவதுதான். கண்ணுக்குத் தெரியும் கட்டடம் ஒன்று. அதன்மேல் கணினி வலையமைப்பு விரிக்கும் தோற்றம் இரண்டாவது. மந்திரக்காரர்கள் மட்டும் காணும் சூக்கும வெளி மூன்றாவது. சுவருக்கு நீல வண்ணம் அடித்து, வலையைத் தொங்கவிட்டு, 'கடல் கிளப்' என்று பெயர் வைப்பது அலங்காரம் மட்டுமே. மூன்று தளங்களிலும் கடல் என்ற அந்தக் கரு ஆட்டக்காரரின் முடிவை மாற்றினால்தான் அதைக் கரு என்று ஒப்புக்கொள்ளலாம். வெளிச்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்தை இருட்டாக்கினால் எல்ஃபுக்கும் ஓர்க்குக்கும் மங்கிய ஒளியே போதுமானது. டுவார்ஃபும் ட்ரோலும் உடல் வெப்பத்தையே பார்த்துவிடுவார்கள். கண்ணில் கருவி பொருத்தாத மனிதன்தான் தட்டுத்தடுமாறுவான். ஆக, விளக்கை எங்கே அணைக்கிறார் என்பதிலேயே கிளப் உரிமையாளர் யாருக்கு வேண்டியவர் என்பது தெரிந்துவிடும். விதிகளில் கிடக்கும் இத்தகைய நுட்பங்கள்தான் இந்த நூலை எனக்கு நெருக்கமாக்கின.

இதைச் சோதிக்க நான் அமைத்த கிளப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது பாம்பன் பாலத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் நீளம் சுமார் 2.08 கி.மீ.; அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப்பகுதி கப்பல் வரும்போது 17 மீட்டர் வரை செங்குத்தாக மேலே எழும்பும். 2075இல் ரயில் வேறு பாதைக்குப் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, அந்தத் தூக்குப்பகுதி முழுவதையும் நடனத்தளமாக்கினேன். கப்பல் வருவதற்கான சங்கொலி எழுந்தவுடன், வெளியேற விரும்புபவர்கள் வெளியேறிவிட வேண்டும். அதன் பிறகு தளம் மேலேறிவிடும். கப்பல் கடந்து, தளம் மீண்டும் இறங்கும் வரை யாரும் உள்ளே வரவும் முடியாது, போகவும் முடியாது. மிஸ்டர் ஜான்சன் தம் பேரத்தை எப்போதும் அந்த இடைவேளையில்தான் வைத்துக்கொள்வார். கரையில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வேனில் உட்கார்ந்து குழுவுக்கு உதவும் டெக்கருக்கு, அதாவது கணினி வலையமைப்பை ஊடுருவுபவருக்கு, விதிப்படி தூரத்தாலேயே 3 அளவு இரைச்சல் (சமிக்ஞைக் குறுக்கீடு) வந்து சேர்கிறது. தம் முயற்சி பலிக்கிறதா என்று பார்க்க அவர் உருட்டும் பகடைகளில் அத்தனை குறைந்துவிடும். இதோடு காற்றும் இருக்கிறது. பழைய பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைப்பது வழக்கமாக இருந்தது. அதே அளவை இந்தக் கிளப்புக்கும் வைத்தேன். கச்சான் காற்று பலமாக வீசும் இரவில் கதவு திறக்காது. பேரம் பேச வேறு இடம் தேட வேண்டும். நூலின் காற்று, ஒளி பற்றிய அட்டவணைகள் துப்பாக்கிச் சூட்டுக்காக எழுதப்பட்டவை. ஆனால் ஓர் இடத்தின் குணத்தை எழுதவும் அவை இவ்வளவு பயன்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது கிளப் மூக்கையூர்ப் பக்கத்து மீன் ஏலக்கூடத்தின் சாயலில் அமைந்தது. இங்கே மதுவுக்கு விலைப்பட்டியல் கிடையாது, எல்லாம் ஏலம்தான். ஏலக்காரரின் குரலைத் தாளமாக வைத்தே இசை ஓடுகிறது. வேலையும் அப்படியேதான் ஏலத்துக்கு வரும், ஆனால் தலைகீழாக: எந்தக் குழு குறைந்த கூலி கேட்கிறதோ அதற்கே வேலை. வழக்கமாகக் கூலியை ஏற்றிக் கேட்டுப் பழகிய ஆட்டக்காரர்கள், எதிரிக் குழுவின் முகத்தைப் பார்த்தபடியே தங்கள் கூலியைத் தாங்களே இறக்க வேண்டிய நெருக்கடி, துப்பாக்கி எடுக்காமலேயே கூடத்தைச் சூடாக்கிவிடுகிறது. அங்கே ஏலத்துக்கு வரும் வேலைகளுக்கு நம் கடற்கரையில் பஞ்சமே இல்லை. 2001 முதல் பிடிக்கத் தடை செய்யப்பட்ட கடல் அட்டையை வேகவைத்து, உலர்த்தி, இரவோடு இரவாகப் படகில் கடத்துவது இன்றைய செய்தித்தாளிலேயே வருகிறது. அதை 2075க்கு நகர்த்துவதற்கு அதிகக் கற்பனை தேவைப்படவில்லை.

இந்தப் பதிப்பின் விதிகளோடு நான் உறுதியாக முரண்பட்ட இடம் தனுஷ்கோடி. பெருந்துயரம் நிகழ்ந்த இடத்தில் சூக்கும வெளி கலங்கிப்போய், அங்கே மந்திரம் தொடர்பான பகடைகள் குறையும் என்கிறது விதி. 1964 டிசம்பர் புயலில் பயணிகளோடு ரயிலையும் ஊரையும் கடல் கொண்டுபோன அந்த மண்ணுக்கு இந்த விதி அப்படியே பொருந்தும். 'பேய் ஊர் கிளப்' ஒன்றை அங்கே வைத்தால் ஆட்டக்காரர்கள் ஆர்வத்தோடு வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வைக்கவில்லை. செத்துப்போனவர்களுக்காக இன்றும் அந்தக் கடலில் முழுகித் திதி கொடுக்கிற குடும்பங்கள் இருக்கும்போது, அவர்களுடைய சாவை மேடை அலங்காரமாக்குவது எனக்குச் சம்மதமில்லை. அதற்குப் பதிலாக, இடிந்த தேவாலயத்திலிருந்து எட்டத் தள்ளி ஒரு தேநீர்க் கொட்டகையை மட்டும் வைத்தேன். அங்கே பாட்டு இல்லை, மது இல்லை. மந்திரக்காரரால் எதிராளியின் மனநிலையைத் தெளிவாகப் படிக்க முடியாது என்பதால், பகையான இரு தரப்பு சமாதானம் பேச வரும் இடமாக அது நிலைத்துவிட்டது. விதி ஒன்றுதான்; அதை எதற்குப் பயன்படுத்துவது என்ற பொறுப்பு கேம் மாஸ்டருடையது. இந்த இடத்தில் விதி ஒரு வரியாவது எச்சரித்திருக்கலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு கிளப்பை அமைக்கத் தேவையான விதிகள் எதுவும் ஒரே இடத்தில் இல்லை. இரைச்சல் ஓர் அத்தியாயத்தில், காற்றும் ஒளியும் இன்னொன்றில், சூக்கும வெளி வேறொன்றில் எனச் சிதறிக் கிடப்பதால், ஆட்டத்தின் நடுவே பக்கம் புரட்டிக்கொண்டிருக்க நேர்கிறது. கிளப்பின் கணினி அமைப்புக்கு 1 முதல் 12 வரை தரம் கொடுக்கச் சொல்லும் முறை எளிமையானது, நல்லது. ஆனால் கூட்டத்துக்கு அப்படியொரு அளவுகோல் இல்லை. கிளப்பை உண்மையில் நடத்துவதே கூட்டம்தான் என்பதால் இது சிறிய விடுபடல் அன்று.

நான் அதற்கு நம் ஊர்க் காலண்டரையே நாடினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது ஏலக்கூடக் கிளப்பில் கையில் காசில்லாத, பொழுதும் போகாத, எளிதில் கோபம் கொள்ளும் கூட்டம் நிறைந்திருக்கும், வேலைக்குக் கூலியும் அடிமட்டத்துக்கு இறங்கும். தடை முடிந்து முதல் படகுகள் கரை திரும்பும் இரவில் அதே கூடத்தில் காசு புரளும். அன்று யார் யாருக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்கும்படி ஆட்டக்காரர்களிடம் சொல்வேன்; அடுத்த வேலையின் எதிரி பெரும்பாலும் அந்த மேசையில்தான் இருப்பார்.