சைக்கிள் சேஷியேட்டர்: நிறுத்த வேண்டிய இடத்தை நம்மிடம் கேட்கும் சார்ஜர்

மின்சைக்கிள் சார்ஜர் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை மணி நேரத்தில் பேட்டரி நிரம்பும் என்பதைத்தான். லித்தியம் பேட்டரியின் ஆயுளைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: சார்ஜர் எந்த மின்னழுத்தத்தில் ஏற்றுவதை நிறுத்துகிறது? மின்சைக்கிளோடு பெட்டியில் வரும் சாதாரண சார்ஜரில் இதற்கான விடை தொழிற்சாலையிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். நாம் மாற்ற முடியாது. கனடாவின் வான்கூவர் நகரில் இயங்கும் கிரின் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் சைக்கிள் சேஷியேட்டர் அந்த விடையை வாங்குபவரின் கையிலேயே கொடுக்கிறது. சாதாரண சார்ஜரைவிடப் பல மடங்கு விலையுள்ள இந்தக் கருவி அந்த விலைக்குத் தகுமா என்பதை, டொராண்டோவில் 48 வோல்ட் பேட்டரியுடன் இதைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 48 வோல்ட் என்று விற்கப்படும் மின்சைக்கிள் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றில் 13 செல் வரிசைகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகைச் செல் ஒன்று முழுமையாக நிரம்பும்போது 4.2 வோல்ட்டில் நிற்கும் என்பதால், அந்தப் பேட்டரி முழுதும் நிரம்பிய நிலையில் 54.6 வோல்ட் காட்டும். செல் 4.2 வோல்ட்டில் இருக்கும்போது அதற்குள் வேண்டாத வேதிவினைகள் வேகம் பிடிக்கின்றன. எதிர்முனையின் மேல் படியும் படலம் தடிக்கிறது, மின்பகுபொருள் மெல்லச் சிதைகிறது, வெப்பம் கூடினால் இரண்டும் இன்னும் விரைவாக நடக்கின்றன. செல்லுக்கு 0.1 வோல்ட் குறைவாக, அதாவது 4.1 வோல்ட்டில் நிறுத்தினால் கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கிறோம். ஆனால் பேட்டரி தாங்கக்கூடிய ஏற்றி-இறக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் கணக்கு. செல்லின் தயாரிப்பையும் பயன்படுத்தும் விதத்தையும் பொறுத்து இது கூடலாம், குறையலாம்; திசையில் மட்டும் ஐயமில்லை.

சேஷியேட்டரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. அதன் நினைவகத்தில் ஒவ்வொரு பேட்டரிக்கும், ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனி அமைப்புகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். எந்த மின்னழுத்தம் வரை ஏற்ற வேண்டும், அதிகபட்ச மின்னோட்டம் எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பவற்றையெல்லாம் அதில் குறிக்கலாம். என் பேட்டரிக்கு மூன்று அமைப்புகள் வைத்திருக்கிறேன். அன்றாடப் பயணத்துக்கு 53.3 வோல்ட், அதாவது செல்லுக்கு 4.1, தொலைவான பயணத்துக்கு முந்தைய இரவு முழு 54.6, வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதற்கு 49.4, அதாவது செல்லுக்கு 3.8. அன்றாட ஓட்டம் குறைவாக உள்ளவர்கள் 52 வோல்ட்டிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அது ஏறத்தாழ எண்பது விழுக்காடு. கடைசி அமைப்பைப் பற்றி ஒன்றை மறக்கக் கூடாது: சார்ஜரால் ஏற்ற மட்டுமே முடியும், இறக்க முடியாது. நிரம்பிய பேட்டரியை அப்படியே அலமாரியில் வைக்காமல், ஓட்டிக் குறைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பல மாதங்கள் வைப்பதானால் இடையிடையே எடுத்து மின்னழுத்தத்தைப் பார்க்கவும் வேண்டும்; பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன் பங்குக்குச் சிறிதளவு மின்சாரத்தை எந்நேரமும் குடித்துக்கொண்டிருக்கும்.

கருவியின் கட்டமைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. விசிறி கிடையாது, கூடு முழுதும் அடைக்கப்பட்டிருப்பதால் தூசியும் ஈரமும் உள்ளே போக வழியில்லை. விசிறி வைத்த மலிவு சார்ஜர்களில் முதலில் பழுதாவது பெரும்பாலும் விசிறிதான். அது நின்றபின் உள்ளே சூடு ஏறுவதை வெளியிலிருந்து யாரும் அறிய மாட்டார்கள். 100 முதல் 240 வோல்ட் வரையிலான வீட்டு மின்சாரத்தை இது ஏற்பதால், வேறு நாட்டுக்குக் கொண்டுபோனாலும் செருகியை மாற்றினால் போதும். சிறிய திரையும் இரண்டு பொத்தான்களும் மட்டுமே உள்ளன. இரண்டே பொத்தான்களில் பட்டியலுக்குள் பட்டியலாக நுழைந்து எண்களைத் திருத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கணினியில் அதற்கான மென்பொருளை நிறுவி, தனியாக வாங்க வேண்டிய கேபிள் மூலம் அமைப்புகளை எழுதுவதே எளிது. ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

விளம்பரத்தில் கண்ணில் படும் எண் 8 ஆம்பியர். அதை நிதானமாகப் படிக்க வேண்டும். சார்ஜரின் மொத்தத் திறன் 360 வாட் என்பதால், 45 வோல்ட்டைத் தாண்டியதும் 8 ஆம்பியர் கிடைக்காது. 54 வோல்ட் அருகே ஆறரை ஆம்பியரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அதுவும் பல பேட்டரிகளுக்கு அதிகம். சாதாரணப் பேட்டரிகளில் உள்ள சிறிய வட்டச் செருகுமுனை 5 ஆம்பியருக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. முனை சூடானால் பிளாஸ்டிக் இளகும், தொடர்பு தளரும், தளர்ந்த தொடர்பு மேலும் சூடாகும். பேட்டரித் தயாரிப்பாளர் குறித்திருக்கும் அதிகபட்ச மின்னோட்டமே எல்லை, அதற்கும் கீழே நிற்பது நல்லது. 14 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு நான் 3 ஆம்பியர் வைத்திருக்கிறேன். இரவு முழுதும் நேரம் இருக்கும்போது வேகத்துக்காகச் செல்களைச் சூடாக்குவதில் எந்தப் பொருளும் இல்லை. எட்டு ஆம்பியருக்காக இதை வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து: வேண்டாம்.

நான் எதிர்பாராமல் அதிகம் பயன்படுத்தும் வசதி ஒன்று இதில் உண்டு. ஒவ்வொரு முறையும் எத்தனை ஆம்பியர்-மணி, எத்தனை வாட்-மணி உள்ளே போயிற்று என்பதைத் திரை காட்டுகிறது. காலியை ஒட்டிய நிலையிலிருந்து முழுதாக ஏற்றும்போது உள்ளே போகும் அளவைக் குறித்து வைத்து, ஓராண்டு கழித்து அதேபோல் ஏற்றும்போது வரும் அளவோடு ஒப்பிட்டால், பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஊகமாக இல்லாமல் எண்ணாகவே கிடைக்கும். பழைய பேட்டரி வாங்க நினைப்பவர், விற்பவர் சொல்வதை நம்புவதைவிட இந்த எண்ணை நம்பலாம்.

எப்போதும் 80 அல்லது 90 விழுக்காட்டில் நிறுத்துவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. குறைவாக ஏற்றச் சொல்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. தொடராக உள்ள 13 வரிசைகளும் காலப்போக்கில் ஒன்றுக்கொன்று சற்று விலகும். பெரும்பாலான பாதுகாப்புச் சுற்றுகள் அவற்றைச் சமன் செய்யும் வேலையைச் செல்கள் 4.2 வோல்ட்டை நெருங்கும்போதுதான் தொடங்குகின்றன. முழுதாக ஏற்றவே மாட்டேன் என்று இருப்பவரின் பேட்டரியில் சமன் செய்யும் வேலை நடப்பதே இல்லை. ஒரு வரிசை பின்தங்கி, ஓட்டும்போது அது முதலில் காலியாகி, மீதிச் செல்களில் மின்சாரம் இருந்தும் வண்டி நின்றுவிடும். ஆகவே மாதம் ஒருமுறையாவது முழு அமைப்பில் ஏற்றி, மின்னோட்டம் குறைந்து தானாக நிற்கும்வரை விட்டு, நிரம்பியபின் நாள்கணக்கில் வைக்காமல் ஓட்டிவிட வேண்டும். இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரிக்கோ கணக்கே வேறு: செல்லின் முழு அளவு 3.65 வோல்ட், நடுப்பகுதியில் மின்னழுத்தம் ஏறக்குறைய மாறாமலே இருக்கும், எனவே மின்னழுத்தத்தைப் பார்த்து 80 விழுக்காட்டில் நிறுத்துவது அதில் கைகூடாது. இந்தச் சார்ஜரின் தனிச்சிறப்பு அவ்வகைப் பேட்டரியில் பெரிதும் வீணாகிறது.

டொராண்டோவின் குளிர்காலத்தில் இந்தக் கருவியால் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு. செல்களின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது ஏற்றினால், லித்தியம் எதிர்முனைக்குள் புகாமல் அதன் மேல் உலோகமாகப் படியத் தொடங்குகிறது. படிந்ததில் ஒரு பகுதி திரும்பக் கரைவதில்லை. கொள்ளளவு குறைவதோடு, உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டு கம்பிகள் மட்டுமே உள்ள சாதாரணப் பேட்டரி இணைப்பு வழியாகச் செல்களின் வெப்பநிலையை எந்தச் சார்ஜராலும் அறிய முடியாது, சேஷியேட்டரும் விலக்கல்ல. வெளியே இருந்து கொண்டுவந்த பேட்டரியை அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு ஏற்றுவது ஒன்றே வழி. கோடையில் 45 டிகிரி மேல் எல்லை. வெயிலில் ஓட்டி வந்தவுடன் செருகாமல் ஆறவிட வேண்டும். 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் சுரங்க ரயிலுக்குள் மின்சைக்கிள் ஒன்று தீப்பற்றியபின், நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை லித்தியம் பேட்டரி மின்சைக்கிள்களைத் தன் வண்டிகளில் கொண்டுவரக் கூடாது என்று டொராண்டோ போக்குவரத்துக் கழகம் விதித்திருப்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள்.

இனி இந்தச் சார்ஜருக்கு எதிராகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், ஏனெனில் அது சிறியதன்று. நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீவிபத்துகள் 268 நிகழ்ந்தன, 18 பேர் இறந்தனர். அந்நகரத் தீயணைப்புத் துறை விடாமல் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று, பேட்டரித் தயாரிப்பாளர் கொடுத்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள் என்பது. 2023 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் மின்சைக்கிள்கள் யு.எல். 2849 என்ற மின்பாதுகாப்புத் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சான்று பேட்டரி, மோட்டார், சார்ஜர் மூன்றையும் ஒரே தொகுதியாகச் சோதித்து வழங்கப்படுவது. வேறொரு சார்ஜரைச் செருகிய நொடியில், அது எவ்வளவு தரமானதாக இருந்தாலும், சோதிக்கப்பட்ட தொகுதிக்கு வெளியே வந்துவிடுகிறோம்.

இது வெறும் சட்ட நுணுக்கமும் அன்று. வீட்டில் 36 வோல்ட், 48 வோல்ட் என இரண்டு மின்சைக்கிள்கள் இருப்பதாகக் கொள்வோம். 36 வோல்ட் பேட்டரி நிரம்பிய நிலையில் 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரி காலியாகும் தறுவாயில் ஏறக்குறைய அதே 42 வோல்ட். மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். தவறான அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், நிரம்பிய 36 வோல்ட் பேட்டரிக்குள் 54.6 வோல்ட் வரை ஏற்ற அது முற்படும்; அப்போது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒன்றே தடுக்க மிஞ்சும். மலிவுப் பேட்டரியில் அந்தச் சுற்றை நம்பி வீட்டார் உறங்குவதை நான் ஏற்க மாட்டேன். குழந்தைகளோ, அமைப்பைப் பார்க்காமல் செருகும் பழக்கமுள்ளவர்களோ இருக்கும் வீட்டில் வெவ்வேறு மின்னழுத்தப் பேட்டரிகள் இருந்தால், இந்தச் சார்ஜரை ஒரே பேட்டரிக்கென ஒதுக்கி, அதற்குரிய அமைப்புகளைத் தவிர மற்றவற்றை அழித்துவிட வேண்டும். இயலாது என்றால் வாங்காமல் இருப்பதே மேல்.

போஷ் போன்ற நிறுவனங்களின் தொகுதியை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அந்தப் பேட்டரிகள் தம் சார்ஜரோடு பேசியே ஏற்றிக்கொள்பவை. தமிழ்நாட்டில் ஓடும் மின்ஸ்கூட்டர்களிலும் இன்றைய முன்னணி வண்டிகள் அந்த வகையே. அவற்றுக்கு இது பொருந்தாது, பொருத்த முயலவும் கூடாது. வழக்கமான சார்ஜரோடு ஆயுளை நீட்டிக்க விரும்புபவர்களுக்குச் குறித்த நேரத்தில் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும், சில டாலர் விலையுள்ள நேரங்காட்டி செருகி போதும். 2 ஆம்பியர் சார்ஜர் 14 ஆம்பியர்-மணி பேட்டரியில் மணிக்கு ஏறத்தாழ 14 விழுக்காடு ஏற்றும். 30 விழுக்காட்டிலிருந்து 80-க்குப் போக மூன்றரை மணி நேரம். துல்லியம் குறைவுதான். ஆனாலும் சேஷியேட்டர் தரும் பலனில் பெரும்பகுதியை இது தந்துவிடும், சான்று பெற்ற தொகுதியையும் கலைக்காது.

தானே மின்சைக்கிளைக் கூட்டிக் கட்டியவர்கள், பேட்டரியின் செல் அமைப்பை நன்கு அறிந்தவர்கள், நாள்தோறும் ஓட்டி விலையுயர்ந்த பேட்டரியைப் பல ஆண்டுகள் காக்க வேண்டியவர்கள் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். சார்ஜரின் முனை மூன்று ஊசி எக்ஸ்.எல்.ஆர். வகை, உங்கள் பேட்டரிக்கு உரிய மாற்றுமுனையையும் கணினி இணைப்புக் கேபிளையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும், இல்லையெனில் பெட்டி வந்த நாளில் செருக வழியிருக்காது. மாற்றுமுனையில் நேர்முனையும் எதிர்முனையும் பேட்டரியில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரால் சரிபார்த்துவிட்டு, முதல் சில முறை வாசலை மறிக்காத இடத்தில், கம்பளமும் திரைச்சீலையும் அருகில் இல்லாமல், விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துச் செருகுமுனையைத் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் சூடு தெரியக் கூடாது.