ஆய்வேட்டைச் சேர்ந்து எழுத எது சரி? வேர்டு, கூகுள் டாக்ஸ், ஓவர்லீஃப்

"எதுல எழுதலாம்க்கா?" என்று ஆய்வேடு தொடங்கும் மாணவர்கள் கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கைடு எதில் திருத்துவார்? பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனாவால் திருத்துகிறவரா, வேர்டில் கமெண்ட் போடுகிறவரா, லேடெக் (கட்டளைகளாக எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் மென்பொருள்) தெரிந்தவரா? வசதிகளை எல்லாம் வரிசை போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை நெறியாளர் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை என்றால் நீங்கள் தனியாகத்தான் எழுதுகிறீர்கள். அதனால் கீழே நான் ஒப்பிடுவதெல்லாம் இந்த ஒரு கண்ணோட்டத்தில்தான்: இன்னொருவர் சொல்லும் திருத்தம் உங்கள் எழுத்துக்கு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சிதறாமல் வந்து சேர்கிறது.

நம் துறைகளில் பெரும்பாலும் நடப்பது வேர்டு கோப்பை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புவது. டிராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தினால் எந்தச் சொல் போனது, எது வந்தது என்று தெளிவாகத் தெரியும், அது நல்ல வசதிதான். சிக்கல் கோப்பு இரண்டாகும்போது வருகிறது. என் மூன்றாவது அத்தியாயத்தை கைடுக்கு அனுப்பிவிட்டு, அவர் பார்க்க எப்படியும் மூன்று வாரம் ஆகும் என்று நானும் என்னிடம் இருந்த பிரதியில் எழுதிக்கொண்டே போனேன். அவர் திருத்தி அனுப்பியபோது அவர் படித்தது ஒன்று, என் கையில் இருந்தது வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகச் சேர்க்க நான்கு நாள் ஆனது. வேர்டில் ரிவ்யூ பகுதியில் 'கம்பேர்' என்று ஒன்று இருக்கிறது, இரண்டு கோப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை அதுவே காட்டிவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கைடு வேர்டை விட்டு வரவே மாட்டார் என்றால் கோப்பை அனுப்பாதீர்கள், ஒன்டிரைவில் வைத்து லிங்க் கொடுங்கள். 5 ஜிபி இலவசம், பிரவுசரில் திறக்கும் வேர்டும் இலவசம், கோப்பு ஒன்றே ஒன்றாக இருக்கும்.

இனி கூகுள் டாக்ஸ். சமூக அறிவியல், மொழி, வரலாறு, கல்வியியல் என்று பத்திகளாக எழுதும் துறைகளுக்கு என் தேர்வு இதுதான், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கைடுக்கு லிங்க் கொடுக்கும்போது 'கமெண்டர்' என்ற அனுமதியோடு கொடுங்கள். அப்போது அவர் நேரடியாக ஒரு சொல்லை மாற்றினாலும் அது பரிந்துரையாகத்தான் பதிவாகும், ஏற்பதா வேண்டாமா என்று நீங்கள் பார்த்து முடிவு செய்யலாம். 'எடிட்டர்' அனுமதி கொடுத்துவிட்டால் அவர் மாற்றியது உங்கள் வாக்கியத்தோடு கலந்துவிடும், அதை வெர்ஷன் ஹிஸ்டரியில் (கோப்பின் பழைய வடிவங்களின் பதிவில்) போய்த் தேட வேண்டும். ஒரு கமெண்டுக்குக் கீழேயே பதில் எழுதலாம், வேலை முடிந்ததும் ரிசால்வ் செய்யலாம், ஆறு மாதம் கழித்து "இதை ஏன் நீக்கினோம்?" என்ற கேள்வி வந்தால் அந்த உரையாடல் அங்கேயே கிடக்கும். மெயிலில் இது நடக்காது.

வெர்ஷன் ஹிஸ்டரியின் அருமை நான்கு பேர் சேர்ந்து செய்யும் இறுதியாண்டு பிராஜெக்டில்தான் முழுதாகத் தெரியும். ஒரு பெண் மட்டும் ராத்திரி உட்கார்ந்து எல்லாம் எழுத, மற்ற மூவர் பெயர் போட்டுக்கொள்வது எத்தனை குழுக்களில் நடக்கிறது! யார் எந்தப் பத்தியை எந்த நாளில் எழுதினார் என்பது அதில் நிறம் பிரித்துக் காட்டப்படும், ஆசிரியர் அதைத் திறந்து பார்த்தாலே மதிப்பெண்ணில் கொஞ்சம் நியாயம் வரும். இப்போது "ஏஐ எழுதிக் கொடுத்ததா?" என்ற சந்தேகம் எல்லார் மேலும் விழுகிறது. உண்மையாகவே உட்கார்ந்து எழுதிய மாணவனுக்கு, அடித்துத் திருத்தி எழுதிய அந்த வரலாறு கைவசம் இருப்பது பெரிய பலம்.

டாக்ஸின் குறைகளும் சிறியவை அல்ல. நீளமான கோப்பில் மேற்கோள்கள் பெருகப் பெருக அது திணறும், அதனால் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்று வையுங்கள். அட்டவணைகளின் பட்டியல், படங்களின் பட்டியல், முன்பக்கங்களுக்கு ரோமன் எண், பைண்டிங்குக்கு இடது பக்க மார்ஜின் என்று பல்கலைக்கழகம் கேட்கும் வடிவத்தைக் கொண்டுவர வேர்டுதான் வசதி. எழுதித் திருத்தும் காலம் டாக்ஸில், எல்லா அத்தியாயமும் ஒப்புதல் பெற்றபின் கடைசி மாதம் வேர்டில், இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டின் நல்லதும் கிடைக்கும்.

இன்னொன்று, கல்லூரி கொடுத்த மெயில் கணக்கில் எழுதாதீர்கள். என் முதுநிலை ஆய்வு முழுவதும் அப்படி ஒரு கணக்கில்தான் இருந்தது. படிப்பு முடிந்து சில மாதத்தில் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள், ஆய்வேடு பிடிஎஃப்பாக என்னிடம் இருந்தது, கைடு எழுதிய ஒரு கமெண்ட் கூட மிஞ்சவில்லை. அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று வைத்திருந்தேன். சொந்தக் கணக்கில் எழுதிக் கல்லூரிக் கணக்கோடு பகிருங்கள்.

ஓவர்லீஃப் பற்றி. பிரவுசரிலேயே லேடெக்கில் எழுத உதவும் தளம் இது. கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். சமன்பாடு எண்களும் படங்களின் எண்களும் தாமாக ஒழுங்காகும், ஐஇஇஇ, ஸ்பிரிங்கர் போன்ற ஆய்விதழ் வெளியீட்டாளர்களின் வடிவங்கள் தயாராகக் கிடைக்கும், ஒரு அத்தியாயத்தை நடுவில் செருகினால் எதுவும் குலையாது. ஆனால் சேர்ந்து எழுதுவது என்று பார்த்தால் இலவசக் கணக்கு மிகவும் இறுக்கமானது: உங்களைத் தவிர ஒரே ஒருவரைத்தான் எடிட் செய்யச் சேர்க்க முடியும், டிராக் சேஞ்சஸும் முழு வரலாறும் காசு கட்டினால்தான். நானும் கைடும் என்றால் போதும், நான்கு பேர் குழுவுக்குப் போதாது. உங்கள் பல்கலைக்கழகம் சந்தா வைத்திருக்கிறதா என்று முதலில் நூலகத்தில் விசாரியுங்கள். போனிலும் இது சிரமம். லேப்டாப் இல்லாமல் பஸ்ஸில் போகும்போது போனில் எழுதும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய, அவர்களுக்கு டாக்ஸ் ஆப்தான் கைகொடுக்கும்.

தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கிய அத்தியாயத்தை யாரோடும் பகிர்ந்து எழுத முடியாது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும், தேடவும் முடியாது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை (எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற பொதுவான எழுத்துக் குறியாக்கத்தை) தரமாக அறிவித்துவிட்டது, இன்னும் தட்டச்சுக் கடைகளில் பாமினி ஓடுகிறது. முதல் நாளிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள். டாக்ஸில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருக்கள் இருக்கின்றன, தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஓவர்லீஃபில் தமிழ் வரவில்லை என்று கைவிட்டவர்கள் மெனுவில் கம்பைலரை ஸீலேடெக் (XeLaTeX) என்று மாற்றித் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டுப் பாருங்கள், வரும்.

மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் சேர்த்து வைக்கும் மென்பொருளாக ஸோட்டிரோவா, மெண்டலேயா? ஸோட்டிரோதான். மெண்டலே 2 ஜிபி இடம் தருகிறது, ஸோட்டிரோ 300 எம்பிதான், இந்த ஒரு கணக்கில் மெண்டலே முந்துகிறது. ஆனால் 2013-ல் எல்செவியர் பதிப்பகம் மெண்டலேயை வாங்கியபின் பழைய டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள், அதில் பழகியவர்கள் மாற வேண்டியதாயிற்று. 2006-ல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸோட்டிரோ திறந்த மூல மென்பொருள், வேர்டிலும் டாக்ஸிலும் ஒட்டிக்கொள்ளும், குழு நூலகம் அமைத்தால் ஒரே கைடிடம் படிக்கும் ஐந்து பேரும் ஒரே நூற்பட்டியலை வளர்க்கலாம். தமிழ்ப் பெயர்களைப் பதியும்போது மட்டும் கவனம்: தலைப்பெழுத்தையும் பெயரையும் இரண்டு கட்டங்களில் சரியாகப் பிரித்துக் கொடுக்காவிட்டால் பட்டியலின் அகரவரிசையே மாறிப்போகும். டாக்ஸிலிருந்து வேர்டுக்குப் போகும் நாளில் கோப்பை அப்படியே டவுன்லோடு செய்துவிடாதீர்கள். ஸோட்டிரோவின் டாக்குமெண்ட் பிரிஃபரன்ஸில் வேறு வேர்டு பிராசசருக்கு மாற்று என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதன் வழியாகப் போனால்தான் மேற்கோள்கள் உயிரோடு வேர்டுக்குள் வரும்.

சரி, கைடு பிரிண்டில்தான் திருத்துவார் என்றால்? என் கைடு முதல் ஒன்றரை வருடம் அப்படித்தான். அவர் பேனாவால் எழுதிய ஒவ்வொன்றையும் அன்றே டாக்ஸில் அந்தந்த வரியில் கமெண்டாக நானே ஏற்றிவிடுவேன், அடுத்த சந்திப்பில் லேப்டாப்பைத் திறந்து, போன முறை சொன்ன பதினேழில் எத்தனை முடித்தேன் என்று காட்டுவேன். நான்காவது அத்தியாயத்துக்கு அவரே "அந்த லிங்க்கை எனக்கும் அனுப்பும்மா" என்றார்.