ஒரே ஒரு நாள்தான் என்றால் திருவனந்தபுரமா, மதுரையா?

கல்யாணத்துக்கோ கோயில் கொடைக்கோ வெளியூர் சொந்தங்கள் நாகர்கோவில் பக்கம் வந்தால் கன்னியாகுமரி, சுசீந்திரம், திற்பரப்பு, பத்மநாபபுரம் எல்லாம் சுற்றி முடிந்த பிறகும் ஒரு நாள் மிச்சம் விழும். "பெரிய டவுன் எதையாவது பார்த்துட்டு வருவோமா?" என்று அப்போதுதான் கேட்பார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் இரண்டே ஊர்தான். ஒன்று திருவனந்தபுரம், இன்னொன்று மதுரை. இந்த முறை மும்பையிலிருந்து வந்த அண்ணனும் மைனியும் பிள்ளைகளும் கேட்டபோது நான் திருவனந்தபுரம் என்றேன். "அங்க ஆஸ்பத்திரிய விட்டா பாக்கதுக்கு என்ன கெடக்கு?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். நம்மில் பலபேர் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ், ஏர்போர்ட் இந்த மூன்றுக்கு மட்டும்தான் அந்த ஊருக்குப் போயிருக்கிறோம், வேலை முடிந்ததும் தம்பானூரில் பஸ் ஏறிவிடுவோம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தூரம் எல்லோருக்கும் தெரிந்ததே. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள், மதுரை 240 கிலோமீட்டர் வாக்கில். மதுரை ரோடு நாலுவழிச் சாலை, வண்டி பறக்கும். திருவனந்தபுரம் ரோடு மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்றுதான் போகும். சாப்பாட்டில் மதுரையை மிஞ்ச முடியாது, அதில் வாதமே இல்லை. திருவனந்தபுரத்துச் சாப்பாடு நமக்குப் புதிதும் இல்லை, அவியலும் மரச்சீனியும் மீன்கறியும் நம் வீட்டிலேயே உண்டு.

முடிவு பண்ணுவது இதெல்லாம் இல்லை, மத்தியானம்தான்.

ஒரு நாள் பயணத்தில் காலை தானாக ஓடிவிடும், சாயங்காலமும் எப்படியாவது கழிந்துவிடும். பன்னிரண்டரை மணியிலிருந்து நாலு மணி வரை வெயிலில் குடும்பத்தோடு எங்கே இருப்பது என்பதற்குப் பதில் இல்லாத ஊருக்கு ஒரே நாளில் போய் வரக்கூடாது என்பது என் கட்சி. மதுரையையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலம் அஞ்சு மணிக்கு வடசேரியில் பஸ் ஏறினால் மாட்டுத்தாவணியில் இறங்கப் பத்து மணி ஆகிவிடும். அங்கிருந்து டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து, செருப்பையும் செல்போனையும் ஒப்படைத்து, வரிசையில் நின்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளே போக இன்னும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள், திரும்பத் திறப்பது நாலு மணிக்கு. அம்மனையும் சுவாமியையும் தரிசித்துவிட்டு, பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் கொஞ்சம் உட்கார்ந்து, ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள்தான் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் ஆகிவிடும். அந்தக் கோயிலுக்கு அரை நாளாவது கொடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஓடி ஓடிப் பார்ப்பது அந்தக் கல்தச்சர்களுக்கு நாம் செய்யும் மரியாதை இல்லை.

மத்தியானத்துக்கு மதுரையில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது, இப்போது மிஞ்சி நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான் என்றாலும் அந்தத் தூண்களின் பருமனைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். காந்தி மியூசியம் இருக்கிறது, காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கேதான் உள்ளது. 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் கீழடிக்குப் போய்த் திரும்பினால் மணி அஞ்சு ஆகிவிடும், ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரமும் அதுதான். மதுரையின் உயிரே இருட்டிய பிறகுதான் தொடங்குகிறது. சித்திரை வீதியில் வெயில் இறங்கிய பிறகு நடப்பது, விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, ராத்திரி சொக்கநாதரைப் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்கு எடுத்துப் போவது, அதற்கு மேலும் சூடாக இட்லி கிடைக்கும் கடைகள். இதில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறி, நள்ளிரவு நெருங்கும்போது நாகர்கோவிலில் இறங்கி, "மதுரை பார்த்தாச்சு" என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. மதுரைக்கு ஒரு ராத்திரி தங்க வேண்டும். தங்குவதானால் இந்த ஒப்பீடே வேண்டாம், மதுரைக்கே போங்கள்.

திருவனந்தபுரத்தில் மத்தியானம் பிரச்சினையே இல்லை. கோயில் அடைத்திருக்கும் நேரத்தில்தான் அந்த ஊரில் பார்க்க வேண்டியவை திறந்திருக்கின்றன, அவையும் பெரும்பாலும் நிழலில்.

காலையில் ரயிலில் போவதே நல்லது. ஸ்டேஷனில் இறங்கினால் பத்மநாபசுவாமி கோயில் இருக்கும் கிழக்கே கோட்டைக்கு ஒரு கிலோமீட்டர் வாக்கில்தான், நடந்தே போகலாம். போகிற வழியில் பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம். பத்மநாபசுவாமி கோயிலில் தரிசனம் காலை முழுக்கத் தொடர்ச்சியாக இருக்காது, பூஜைகளுக்கு நடுவே நேரம் பிரித்துப் பிரித்துத்தான் விடுவார்கள், அதனால் எட்டரை மணி வாக்கில் வரிசையில் நிற்கிற மாதிரி கிளம்புங்கள், விசேஷ நாட்களில் இதுவும் மாறும். ஆண்கள் வேட்டி கட்டி, சட்டை இல்லாமல் போக வேண்டும், சுசீந்திரம் பழகிய நமக்கு அது புதிதில்லை. சுடிதார் போட்ட பெண்கள் மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும், மைனிக்கு வீட்டிலிருந்தே ஒன்று எடுத்துப் போனோம், வாடகைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. உள்ளே 18 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாக, முகம் ஒன்றில், நாபிக்கமலம் ஒன்றில், பாதம் ஒன்றில் என்று பார்க்க வேண்டும். திருவட்டாறு ஆதிகேசவரைத் தரிசித்தவர்களுக்கு அந்த இருட்டும் எண்ணெய் விளக்கும் மூன்று வாசலும் உடனே பிடிபட்டுவிடும், அங்கே பெருமாள் மேற்கே பார்க்கிறார், இங்கே கிழக்கே.

வெளியே வந்ததும் எதிரே ஒரு பழைய கடிகாரம் இருக்கும், மேத்தன் மணி என்பார்கள். மணி அடிக்கும்போது தாடிக்காரர் முகம் ஒன்று வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் கன்னத்தில் வந்து முட்டும். அதைப் பார்க்க ஒரு சின்னக் கூட்டம் கழுத்தை நிமிர்த்தி நிற்கும், அண்ணன் மகள் அடுத்த மணிக்கும் நிற்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அதற்குப் பக்கத்திலேயே குதிரமாளிகை, சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. கூரையின் இறவாணத்துக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள், முன்னங்கால் தூக்கிய மேனிக்கு. தக்கலைக்காரர்கள் "நம்ம அரண்மனைதானே" என்று சொல்லிவிடக்கூடும், வேலைப்பாடு அதே பரம்பரைதான், ஆனால் இந்தக் குதிரைகள் பத்மநாபபுரத்தில் கிடையாது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இது நமக்கு அந்நிய ஊர் இல்லை. நம் பகுதி தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வரை நம் தலைநகரம் இதுதான், அதற்கும் முன்னால் 1795 வாக்கில் திருவிதாங்கூர் தலைநகரம் இங்கே மாறியதே பத்மநாபபுரத்திலிருந்துதான். இன்றைக்கும் நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகக் களியக்காவிளை தாண்டி இந்தக் கோட்டைக்குத்தான் போகிறார்கள். தலைமைச் செயலகத்து வளாகத்தில் சிலையாக நிற்கும் வேலுத்தம்பி தளவாய் தலக்குளத்துக்காரர். கோட்டைக்குப் பக்கத்தில் 'சாலை' என்கிற கடைவீதியை உருவாக்கிய திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் விளவங்கோடு பக்கத்துக் குன்னத்தூர்க்காரர். வெளியூர் சொந்தங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும்போது இதைச் சொல்லிக் காட்ட முடிகிறது, மதுரையில் நானும் அவர்களோடு சேர்ந்து ஒரு சுற்றுலாப் பயணிதான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் மியூசியம் பக்கம் போய்விடுங்கள். ஒரே வளாகத்தில் நேப்பியர் மியூசியம், ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம், மிருகக்காட்சிசாலை மூன்றும் இருக்கின்றன. மியூசியம் கட்டடம் 1880-இல் முடிந்தது, சென்னையில் செனட் ஹவுஸ் கட்டிய அதே சிஷோம் வரைந்தது. வெளிச்சுவரில் வண்ணப் பட்டை பட்டையாக இருக்கும், உள்ளே ஏசி இல்லாமலே குளுமை. ஆனால் எனக்கு முக்கியம் ஓவியக்கூடம். ரவிவர்மா வரைந்த மூலப் படங்கள் 2023-இலிருந்து அதே வளாகத்தில் தனியாக ரவிவர்மா கூடத்தில் இருக்கின்றன. அன்னத்தின் முன்னால் நிற்கும் தமயந்தி, காலில் தைத்த முள்ளை எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை. நம் வீட்டுப் பூஜை அறைப் படங்களும் காலண்டர் லட்சுமியும் சரஸ்வதியும் எந்தக் கையிலிருந்து வந்தன என்பதை அந்தச் சேலை மடிப்பின் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். மைனி அங்கிருந்து கிளம்பவே மனமில்லாமல் நின்றார். பிள்ளைகளை அதற்குள் அண்ணன் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போனார், 1857-இலிருந்து இருக்கிறது, பெரிய பெரிய மரங்கள், வெயிலே தெரியாது. நான் உள்ளே போகவில்லை, பிள்ளைகள் சொன்னதை வைத்துத்தான் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறேன்.

சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை. பத்மநாபசுவாமி வருஷத்துக்கு இரண்டு தடவை ஆறாட்டுக்கு, அதாவது தீர்த்தவாரிக்கு, இங்கேதான் எழுந்தருளுவார், வழியில் ஏர்போர்ட் ஓடுபாதை குறுக்கே வருவதால் ஊர்வலம் போகும் நேரத்துக்கு விமானங்களை நிறுத்தி வைப்பார்கள். கடலைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று நம் ஆட்கள் கேட்பது சரிதான். நேரம் போதவில்லை என்றால் இதை விட்டுவிட்டுத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து இந்தியன் காபி ஹவுஸில் உட்காருங்கள். லாரி பேக்கர் வரைந்த வட்டச் செங்கல் கட்டடம், தரையே சுருளாக மேலே ஏறிக்கொண்டு போகும், மேசையெல்லாம் அந்தச் சரிவை ஒட்டியே இருக்கும், செங்கல் ஓட்டைகள் வழியாகக் காற்று வரும். பீட்ரூட் போட்ட மசால்தோசையும் காபியும் வாங்கினால் பிள்ளைகளும் அமைதி.

மதுரை ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. நம் மாவட்டத்தில் கூட்டமாகக் கிளம்பினால் கிறிஸ்தவ நண்பர்கள் கூட வராமல் இருக்க மாட்டார்கள். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் இந்துக்கள் அல்லாதவர்களை விடுவதில்லை. மதுரையில் சன்னதிக்குள் போக முடியாதே தவிர, கோயிலின் பெரும் பகுதியை எல்லோரும் சுற்றிப் பார்க்கலாம். அப்படிப்பட்ட கூட்டமானால் திருவனந்தபுரத்தில் காலையைக் குதிரமாளிகையில் தொடங்கி, பாளையத்தில் பள்ளிவாசலும் சூசையப்பர் பேராலயமும் பிள்ளையார் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு மியூசியத்துக்குப் போகலாம், யாரும் வெளியே காத்து நிற்க வேண்டாம்.

காரில் போகிறவர்களுக்கு என்னிடம் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, நான் இரண்டு ஊருக்கும் பஸ்ஸிலும் ரயிலிலும்தான் போயிருக்கிறேன். கிழக்கே கோட்டைப் பக்கம் கார்க்காரர்கள் இடம் தேடிச் சுற்றுவதை மட்டும் பார்த்திருக்கிறேன். திரும்பும்போது சாயங்கால ரயிலில் வேலை முடிந்து ஊர் திரும்பும் நம் ஆட்களின் கூட்டம் நெரிக்கும், பிள்ளைகளோடு போனால் கொஞ்சம் முன்னால் போய் இடம் பிடியுங்கள்.

கிழமையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மியூசியம், ஓவியக்கூடம், மிருகக்காட்சிசாலை, குதிரமாளிகை எல்லாமே விடுமுறை, நான் மேலே சொன்ன மத்தியானம் முழுக்கப் போய்விடும். உங்களுக்குக் கிடைத்த ஒரு நாள் திங்களாக இருந்தால் ஞாயிறு ராத்திரியே கிளம்பி விடியும்போது மதுரையில் இறங்குங்கள், காலையில் கோயிலுக்கு நாலைந்து மணி நேரமாவது கிடைக்கும்.