3 கிலோவாட் சோலார் ‘சிஸ்டம்’: கொட்டேஷனில் விடுபடுவது என்ன?

பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் தாராளமாக மார்க் போடலாம். இடிப்பது, ‘கம்ப்ளீட் சிஸ்டம்’ என்ற பெயரில் வரும் கொட்டேஷன்தான். 540 வாட் பேனல் 6, ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனலின் டிசி கரண்டை ஏசியாக மாற்றி, தெரு லைனோடு இணைந்து ஓடுவது) 1, டிசி பெட்டி, ஏசி பெட்டி, ஸ்டாண்டு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்குக்கான ஐஎஸ்ஓ 15288 என்ற சர்வதேசத் தரநிலை, சொல்லப்பட்ட ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்து இயங்கும் கூறுகளையே சிஸ்டம் என்கிறது. அந்தக் கணக்கில் இது வெறும் சாமான் லிஸ்ட்.

நோக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பில் குறைய வேண்டுமா, கரண்ட் போனாலும் ஃபேன் ஓட வேண்டுமா? லைனில் கரண்ட் இல்லையென்றால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இதை விற்கும்போதே சொல்பவர்கள் குறைவு. பேக்கப் கேட்டால் ஹைபிரிட் இன்வெர்ட்டர், பேட்டரி என்று விலையே வேறு.

அடுத்தது சிஸ்டத்தின் எல்லை. தெரு லைன் நம்முடையது அல்ல, ஆனால் அதன் வோல்டேஜ்தான் நம் இன்வெர்ட்டரை ஆட்டி வைக்கிறது. மீட்டரில் 248 வோல்ட், இன்வெர்ட்டரின் மேல்வரம்பு 253 என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோவாட் வெளியே போகும்போது ஓடுவது சுமார் 12 ஆம்பியர். மீட்டர் வரை 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர் இழுத்தால், போக வர 60 மீட்டரில், இன்வெர்ட்டர் பக்கம் சுமார் 6 வோல்ட் ஏறும். இன்வெர்ட்டர் பார்ப்பது 254, ட்ரிப். நல்ல வெயில் நேரத்தில்தான் இது நடக்கும், அதிக யூனிட் வர வேண்டிய நேரத்தில் அதை இழக்கிறோம். 6 சதுர மி.மீ. போட்டால் ஏற்றம் இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். கொட்டேஷனில் இந்த ஒயர் ‘ஏசி கேபிள்: தேவைக்கேற்ப’ என்ற ஒரே வரி!

மாடியிலும் இதே கதை. ஆறு பேனலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீரிஸில் சேர்ந்தால் 300 வோல்ட் டிசி. பேனலோடு வரும், ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் வேறு கம்பெனி கனெக்டரைச் சொருகினால் பிடிப்பு தளர்ந்து சூடாகும், கருகும். தண்ணி டேங்க் நிழல் ஒரு பேனல் மேல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் அடிவாங்கும்.

பணம் கொடுக்கும் முன், பேனலிலிருந்து மீட்டர் வரை எது எதோடு இணைகிறது என்று காட்டும் சிங்கிள் லைன் டயகிராம் கேளுங்கள். ஸ்டாண்டு, இன்வெர்ட்டர், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த், ஒயர் சைஸ், நெட் மீட்டர் (வெளியே போகும் யூனிட்டையும் கணக்கிடும் மீட்டர்) விண்ணப்பம் யார் பொறுப்பு, இவையெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வாரண்டியையும் அப்படியே பிரித்துக் கேளுங்கள். பேனலின் 25 வருட உத்தரவாதத்துக்குள் கனெக்டரும் ஒயரிங்கும் வராது.